ஒரு நாளைக்கு அரை கிராம்: செட்டிநாட்டு ஆச்சி ஒருவரின் தோல் வறட்சி

நோயாளி 74 வயதுப் பெண். காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு நகரத்தார் ஊரில், முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு என்று தெருவுக்குத் தெரு நீளும் வீட்டில் தனியாக இருக்கிறார். மகன் சிங்கப்பூரில், மகள் சென்னையில். பகலில் வேலைக்கு ஒரு பெண் வந்து போகிறார். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பல வருடங்களாக உண்டு; இரண்டும் கட்டுக்குள் இருக்கின்றன. மார்கழியில், பிள்ளையார் நோன்பு முடிந்த வாரத்தில் என்னிடம் வந்தார். இரண்டு கால்களிலும் அரிப்பு, எரிச்சல், ராத்திரி தூக்கம் இல்லை. மூன்று வருடமாக ஒவ்வொரு கார்த்திகையிலும் தொடங்கி, பங்குனியில் தானாகக் குறைகிறதாம்.

அவருடைய அனுமதியோடு எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டேன். இனி அவர் ஆச்சி, அவ்வளவுதான்.

அரிய நோய் எதுவும் இல்லை. தோல் மருத்துவப் படிப்பில் ஒரே பக்கத்தில் முடிந்துவிடும் விஷயம். ஆனாலும் எழுதத் தோன்றியதற்குக் காரணம், என்னிடம் வருவதற்கு முன்பே அவருக்குச் சரியான மருந்து எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தது. அது வேலை செய்யவில்லை. ஏன் என்பதுதான் இந்த ஆய்வு.

வருவதற்கு முன்

முதல் வருடம் "சர்க்கரை அரிப்பு" என்று சொல்லி அரிப்பு மாத்திரை. இரண்டாம் வருடம் சொறிசிரங்காக இருக்கும் என்று கழுத்துக்குக் கீழே உடம்பு முழுக்கப் பூசும் லோஷன், இரண்டு தடவை. நடுவில் யாரோ சொன்னதைக் கேட்டு மெடிக்கல் ஷாப்பில் நேரடியாக வாங்கிய ட்யூப் ஒன்று. எடுத்துப் பார்த்தால், வீரியமான ஸ்டீராய்டான குளோபெட்டசோலும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் ஒன்றாகக் கலந்தது. பூசினால் இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், விட்டால் திரும்ப வரும். அப்படியே விட்டு விட்டு இரண்டு வருடம் ஓடியிருக்கிறது. 2018-இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று அறிவித்தது. கடைகளில் அது எந்த அளவுக்கு நடக்கிறது என்பதற்கு ஆச்சியின் மஞ்சப்பையே சாட்சி.

மூன்றாவதாகப் பார்த்த மருத்துவர் ஒருவர்தான் "இது வறட்சி" என்று சரியாகச் சொல்லி, நல்ல மாய்ஸ்சரைசர் ஒன்றை எழுதியிருந்தார். கிளிசரினும் பாரஃபினும் கலந்த, வாசனை சேர்க்காத க்ரீம். 30 கிராம் ட்யூப். சீட்டில் இருந்தது "தினமும் பூசவும்" என்ற ஒரு வரி. கூடவே ராத்திரிக்கு ஹைட்ராக்சிசின் 25 மில்லிகிராம். அந்த மாத்திரை போட்ட நாட்களில் ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்தால் தள்ளாடுகிறது என்றார். வயதானவர்களுக்குத் தூக்க மயக்கம் தரும் அரிப்பு மாத்திரைகள் விழுவதற்கு வழி செய்யும். தனியாக இருப்பவருக்கு அதைவிடப் பெரிய ஆபத்து வேறில்லை. அன்றே நிறுத்தச் சொன்னேன்.

இதற்கு நடுவே சொந்தக்காரர்கள் கத்தரிக்காய், கருவாடு, புளி எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். "ரத்தம் கெட்டுப்போச்சுன்னு சொன்னாக, தம்பி. மூணு வருசமா கத்தரிக்காயைக் கண்ணால பாக்கல" என்றார். அரிப்பைச் சொன்னபோதுகூட இவ்வளவு வருத்தம் அந்தக் குரலில் இல்லை.

பார்த்தது

முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் இரண்டு கால்களிலும் தோல் மங்கி, செதில் செதிலாக இருந்தது. அதன் மேல் மெல்லிய சிவப்புக் கோடுகள் ஒன்றை ஒன்று வெட்டி, ஒழுங்கில்லாத கட்டங்களாக வலை பின்னியிருந்தன. சில கோடுகளில் நகம் பட்டுக் காய்ந்த ரத்தப் பொருக்கு. முன்கைகளிலும் இடுப்பின் இரு பக்கத்திலும் லேசான செதில். வலது காலில் ஸ்டீராய்டு அதிகம் பட்ட இடத்தில் தோல் மெலிந்து, அடியில் ரத்தக்குழாய்கள் தெரிந்தன. குதிகால்களில் வெடிப்பு, இடது குதிகாலில் ஒன்று ஆழமாக.

விரல் இடுக்குகள், மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி எல்லாம் சுத்தம். சிரங்குக்குரிய கோடுகள் இல்லை. வேலைக்கு வரும் பெண்ணுக்கும் அரிப்பு இல்லை. செதிலைச் சுரண்டி, கேஓஎச் என்ற பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலைப் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்ததில் பூஞ்சை இல்லை. ஸ்டீராய்டு பூசியவர்களுக்கு இந்தப் பரிசோதனையை நான் விடுவதே இல்லை, ஏனென்றால் படர்தாமரை தன் வட்ட வடிவத்தைத் தொலைத்துவிட்டு வேறு வேஷத்தில் நிற்கும். சுருள் நரம்பு இல்லை, கால் வீக்கம் இல்லை, பாத நாடி இரண்டு பக்கமும் நன்றாகக் கிடைத்தது. பெருவிரல்களில் மட்டும் உணர்ச்சி கொஞ்சம் குறைவு.

வயதானவருக்கு அரிப்பு என்றால் தோலோடு நின்றுவிடக்கூடாது. தைராய்டு குறைவு, சிறுநீரகம், கல்லீரல், ரத்தசோகை எதுவும் பின்னால் இருக்கலாம். அபூர்வமாக நிணநீர்ப் புற்றுநோய்கூட. தைராய்டுக்கான டிஎஸ்எச், சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், கல்லீரல் பரிசோதனை, ரத்த அணுக்கள் எல்லாம் சரியாக இருந்தன. மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 7.1. சாப்பிடும் மாத்திரைகளில் நீர் பிரியும் மாத்திரை ஒன்றும் கொழுப்பு மாத்திரை ஒன்றும் சிலருக்கு வறட்சியைக் கூட்டும். ஆனால் அவர் உடம்புக்கு அவை அவசியம் என்று அவருடைய பொது மருத்துவர் சொன்னதால் தொடவில்லை.

முடிவு: ஆஸ்டியாட்டோடிக் எக்சிமா. வறண்டு வறண்டு வெடித்த தோலில் வரும் கரப்பான். முதியவர்களுக்கு, குளிர்ந்த மாதங்களில், முழங்காலுக்குக் கீழே வருவதுதான் இதன் வழக்கம். அந்த இடத்தில் எண்ணெய்ச் சுரப்பிகள் குறைவு.

குளியல்

நான் அதிக நேரம் கேட்டது குளியலைப் பற்றித்தான். விவரம் அங்கேதான் இருந்தது.

காலையில் ஐந்தரைக்கு ஒரு குளியல், சாயங்காலம் விளக்கேற்றுவதற்கு முன் ஒன்று. இரண்டும் பாய்லர் வெந்நீர், "கை பொறுக்குற சூடு". உடம்பு முழுக்க சோப்பு, பிறகு பீர்க்கங்கூடு போட்டுத் தேய்ப்பு. அரிப்பு வந்த பிறகு அது கிருமியால்தான் என்று நினைத்து, வாளித் தண்ணீரில் கிருமிநாசினி திரவம் ஒரு மூடி. அது போதவில்லை என்று வேப்பிலையும் கல்லுப்பும். குளித்துத் துடைத்து, புடவை கட்டி, சாமி அறைக்குப் போய்விட்டு வந்து, அப்புறம் நேரம் கிடைத்தால் க்ரீம். போர் தண்ணீர் வேறு. சோப்பு நுரைக்காது, அதனால் இன்னும் கொஞ்சம் சோப்பு. உப்புத் தண்ணீரில் உள்ள கால்சியம் சோப்போடு சேர்ந்து தோலிலேயே படிந்து நிற்கும், அலசினாலும் முழுதாகப் போகாது.

சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு ஏசி. அந்த வீட்டுச் சுவர்களின் தடிமனுக்கும் கூரையின் உயரத்துக்கும் மார்கழியில் ஏசி எதற்கு என்று கேட்டேன். மகன் போன வருடம் வந்தபோது மாட்டியது. "போடலைன்னா அவனுக்கு வருத்தம், போன்ல கேப்பான்" என்றார். ஏசி காற்று வறண்ட காற்று. வறண்ட தோலிலிருந்து இன்னும் ஈரத்தை எடுக்கும்.

தோலின் மேலடுக்கு மிக மெல்லியது. கால்களில் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான் இருக்கும். உயிரற்ற தட்டையான செல்கள் பதினைந்து இருபது அடுக்காகக் கிடக்கும். அவற்றுக்கு நடுவில் கொழுப்பு: ஏறக்குறைய பாதி செராமைடு, கால் பங்கு கொலஸ்ட்ரால், மீதியில் பெரும்பகுதி கொழுப்பு அமிலங்கள். ஆச்சியிடம் இதை அவர் வீட்டுச் சுவரைக் காட்டித்தான் சொன்னேன். செல்கள் செங்கல், கொழுப்பு சுண்ணாம்புக் காரை. மழையில் நனைந்தால் ஒன்றும் ஆகாது. காரையைச் சுரண்டி எடுத்தால் செங்கல் எத்தனை நல்லதாக இருந்தும் சுவர் ஒழுகும். வெந்நீர், சோப்பு, பீர்க்கங்கூடு மூன்றும் சேர்ந்து ஒரு நாளைக்கு இரண்டு முறை சுரண்டிக்கொண்டிருந்தன. 74 வயதில் திரும்பப் பூசுவதற்கு உடம்பில் காரை குறைவு.

சோப்பைப் பற்றி ஒரு சின்ன விஷயம். படித்தவர்கள்கூட உறையில் டிஎஃப்எம் எவ்வளவு என்று பார்த்து, 76 சதவீதம் இருந்தால் தோலுக்கு நல்லது என்று வாங்குகிறார்கள். டிஎஃப்எம் என்பது அதில் எவ்வளவு கொழுப்புப் பொருள் இருக்கிறது என்ற கணக்கு. இந்தியத் தர அளவின்படி 76-க்கு மேல் இருந்தால் முதல் தரம். ஆனால் முதல் தர சோப்பும் காரம்தான், அமிலமா காரமா என்று காட்டும் பிஎச் அளவு அதில் 9, 10 என்று இருக்கும். ஆரோக்கியமான தோலின் பிஎச் 5-க்குப் பக்கம். வறண்ட தோல் உள்ளவர் பார்க்க வேண்டியது உறையில் உள்ள தரத்தை அல்ல, சோப்பே அல்லாத மென்மையான சிண்டெட் கட்டிகளை. அதுவும் கை கால் முழுக்கத் தேவையில்லை.

க்ரீம் எங்கே போனது?

ட்யூப் எப்போது வாங்கியது என்று கேட்டேன். தீபாவளிக்கு வாங்கியதாம், இப்போதுதான் தீர்ந்ததாம். ஏறக்குறைய இரண்டு மாதம். 30 கிராம், 60 நாள். அப்படியானால் ஒரு நாளைக்கு அரை கிராம்.

எப்படிப் பூசுவீர்கள், காட்டுங்கள் என்று என் மேஜையில் இருந்த க்ரீமைக் கொடுத்தேன். ஆள்காட்டி விரல் நுனியில் மிளகு அளவு எடுத்தார். வலது காலில் சிவந்த ஓர் இடத்தில் வைத்து, அது மறையும் வரை வட்டமாகத் தேய்த்தார். பிறகு மீதி இருந்ததை இடது காலில். பாதம் வரை குனிய முடியவில்லை, முழங்கால் வலி. கணுக்காலுக்கு நாலு விரற்கடை மேலே கை நின்றுவிட்டது. "அரிக்கிற எடத்துல மட்டும் போட்டாப் போதும்ல?" என்றார்.

எவ்வளவு வேண்டும் என்பதற்குப் பழைய, எளிய கணக்கு ஒன்று உண்டு. 1991-இல் லாங், ஃபின்லே என்ற இருவர் அளந்து எழுதியது. ட்யூபிலிருந்து ஆள்காட்டி விரலின் கடைசி மடிப்பிலிருந்து நுனி வரை பிதுக்கினால் வருவது ஒரு விரல்நுனி அளவு. ஆண்களுக்கு அது சுமார் அரை கிராம், பெண்களுக்கு 0.4. விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அகலமுள்ள தோலுக்கு அது போதும். ஒரு காலுக்கு ஆறு, பாதத்துக்கு இரண்டு, ஒரு கைக்கு மூன்று, உள்ளங்கை புறங்கைக்கு ஒன்று. ஆச்சிக்குக் கை கால் நான்கையும் கூட்டினால் 24 விரல்நுனி. ஒரு வேளைக்குப் பத்து கிராம் கிட்ட. இரண்டு வேளைக்கு 20 கிராம், வாரத்துக்கு 140. பிரிட்டன் மருத்துவர்கள் கையில் வைத்திருக்கும் மருந்துக் கையேட்டிலும் இரண்டு வேளை பூச இரு கால்களுக்கு மட்டுமே வாரத்துக்கு 100 முதல் 200 கிராம், இரு கைகளுக்கு அதே அளவு என்றுதான் இருக்கிறது.

ஆச்சி பூசியது இதில் நாற்பதில் ஒரு பங்கு. அந்த அரை கிராமும் காய்ந்த தோலில், அரிக்கும் நேரத்தில் மட்டும். மருந்து கேட்கவில்லை என்று அவர் சொன்னதில் தவறு இல்லை. அவர் அதை இன்னும் போட ஆரம்பிக்கவே இல்லை.

இதில் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 30 கிராம் ட்யூபைக் கொடுத்து "தினமும் பூசவும்" என்று எழுதினால், அதை இரண்டு மாதம் வரும்படி சிக்கனமாகப் பயன்படுத்துவதுதான் குடும்பம் நடத்தத் தெரிந்தவர் செய்யும் வேலை. மாத்திரைக்கு மில்லிகிராம் வரை எழுதுகிறோம், இருமல் மருந்துக்கு மூடிக் கணக்குச் சொல்கிறோம். க்ரீமுக்கு மட்டும் ஏன் அளவு எழுதுவதில்லை? மாய்ஸ்சரைசரை மருந்தாக நாமே நினைப்பதில்லை என்பதுதான் என் எண்ணம். நோயாளி எப்படி நினைப்பார்?

எண்ணெய் விவகாரம்

"வெள்ளிக்கிழமை தவறாம எண்ணெய் தேச்சுக் குளிக்கிறேன், அப்புறம் எப்படித் தம்பி வறளும்?" இந்தக் கேள்வியை இந்தப் பக்கத்தில் எல்லா ஆச்சிகளும் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நல்லெண்ணெய் தேய்த்து அரை மணி ஊறி, அப்புறம் சீயக்காய் போட்டு வெந்நீரில் அத்தனையையும் எடுத்துவிடுகிறோம். சுகமான குளியல், சந்தேகமில்லை. ஆனால் குளித்து முடிக்கும்போது தோலின் மேல் நிற்க வேண்டியது நிற்பதில்லை. வாரத்தில் மீதி ஆறு நாளும் எண்ணெய் இல்லாத வெந்நீர் சோப்புக் குளியல் இரண்டு வேளை.

எண்ணெய் தண்ணீரைக் கொண்டுவராது. இருக்கும் தண்ணீரைப் போகவிடாமல் பிடித்து வைக்கும். அதனால் காய்ந்த தோலில் பூசுவதைவிட, குளித்து ஒற்றித் துடைத்த ஈரத்தோலில் பூசினால்தான் பலன். தேங்காயெண்ணெயை நான் தாராளமாக அனுமதிப்பேன். 2004-இல் பிலிப்பைன்ஸில் வறண்ட தோல் உள்ள 34 பேரிடம் நடந்த ஆய்வில், சுத்தமான தேங்காயெண்ணெயும் மினரல் ஆயிலும் ஒரே அளவுக்குப் பலன் கொடுத்தன. சிறிய ஆய்வு, ஆனால் நம் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது. ஆலிவ் எண்ணெய் வேறு கதை. மருமகள் சிங்கப்பூரிலிருந்து கொடுத்தனுப்பிய அழகான பாட்டில் ஒன்றை ஆச்சி பத்திரமாக வைத்திருந்தார். 2013-இல் வந்த ஒரு பிரிட்டன் ஆய்வில் ஆலிவ் எண்ணெய் தோலின் தடுப்பைப் பலவீனப்படுத்தி, லேசான சிவப்பையும் உண்டாக்கியது. சூரியகாந்தி எண்ணெய் அப்படிச் செய்யவில்லை. "சமையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள் ஆச்சி" என்றேன். அந்த எண்ணெயில் கத்தரிக்காய் வதக்கலாமா என்று கேட்டார். கத்தரிக்காய்க்கு அன்றே விடுதலை கொடுத்தாகிவிட்டது.

விலை குறைவாக, பலமாக அடைப்பது பெட்ரோலியம் ஜெல்லிதான். செஸ்பரோ என்ற அமெரிக்கர் 1872-இல் காப்புரிமை வாங்கிய சரக்கு. இன்றுவரை அதை மிஞ்சியது இல்லை. தோலிலிருந்து நீர் ஆவியாவதை 98 சதவீதத்துக்கு மேல் தடுக்கும். மற்ற எண்ணெய்ப் பூச்சுகள் பெரும்பாலும் 20, 30 சதவீதத்தில் நின்றுவிடும். பிசுபிசுப்புதான் அதன் ஒரே குற்றம், ஆனால் அந்தக் குற்றம் சின்னதல்ல என்பது பின்னால் தெரிந்தது.

கொடுத்த சிகிச்சை

கலவை ட்யூப் குப்பைக்கு. வெடித்துச் சிவந்த இடங்களுக்கு மட்டும் மோமெட்டசோன் என்ற ஸ்டீராய்டு, 0.1 சதவீத ஆயின்ட்மென்ட், ராத்திரி ஒரு வேளை, பத்து நாள், அதோடு சரி. குளியல் ஒரு நாளைக்கு ஒன்று, வெதுவெதுப்பான தண்ணீரில், பத்து நிமிடத்துக்குள். சாயங்காலம் முகம் கை கால் கழுவினால் போதும். சிண்டெட் கட்டி அக்குளுக்கும் தொடை இடுக்குக்கும் பாதத்துக்கும் மட்டும். கிருமிநாசினி, கல்லுப்பு, வேப்பிலை, பீர்க்கங்கூடு எல்லாவற்றுக்கும் ஓய்வு. துண்டால் ஒற்றியதும், மூன்று நிமிடத்துக்குள், பாத்ரூமுக்கு வெளியே ஸ்டூலில் உட்கார்ந்தே க்ரீம். சாமி அறை அதற்கு அப்புறம்.

சீட்டில் இப்படி எழுதினேன்: "வெள்ளை சாஃப்ட் பாரஃபின், லிக்விட் பாரஃபின், கிளிசரின் க்ரீம். ஒரு வேளைக்கு 10 கிராம், இரண்டு வேளை. 400 கிராம் டப்பா, மூன்று வாரத்தில் தீர வேண்டும்." டப்பாவை மூடியோடு எடை போட்டு, எண்ணை அடியில் பேனாவால் குறித்துக் கொடுத்தேன். "இம்புட்டா? ஒரு மாசத்துக்கு ஒரு டப்பா பத்தாது போல இருக்கே" என்றார். ஆமாம், பத்தாது.

யூரியா கலந்த க்ரீமை அப்போது கொடுக்கவில்லை. 5, 10 சதவீத யூரியா ஈரத்தைப் பிடித்து வைப்பதில் கெட்டிக்காரன், ஆனால் வெடித்த தோலில் பட்டால் எரியும். ஒரு தடவை எரிந்தால் வயதானவர்கள் அந்த டப்பாவைத் திரும்பத் தொடமாட்டார்கள். வெடிப்பு மூடிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். குதிகாலை பிளேடால் சீவும் பழக்கம் இருந்தது. சர்க்கரையும் உணர்ச்சிக் குறைவும் உள்ள காலில் அது கூடவே கூடாது. விரல் இடுக்குகளில் க்ரீம் வேண்டாம், ஈரம் தேங்கிப் பூஞ்சை வரும் என்றும் சொன்னேன்.

இரண்டு வாரம் கழித்து

சிவப்பு நன்றாக இறங்கியிருந்தது, கோடுகள் மூடிவிட்டன. அரிப்பைப் பத்துக்கு எவ்வளவு என்று கேட்டால் முதலில் 8 சொன்னவர் இப்போது 3 என்றார். தூங்குகிறார். மாத்திரை இல்லாமல்.

டப்பாவை எடை போட்டேன். 105 கிராம் குறைந்திருந்தது. நான் எதிர்பார்த்தது 280. அதாவது முன்னேற்றத்தில் பெரும்பங்கு ஸ்டீராய்டுக்கும் குளியல் மாற்றத்துக்கும் உரியது. ஸ்டீராய்டு நின்றதும் இது திரும்பும் என்று எனக்குத் தோன்றியது. எடை போடாமல் விட்டிருந்தால் "நன்றாகக் கேட்கிறது, தொடருங்கள்" என்று அனுப்பியிருப்பேன்.

காரணங்கள் ஒவ்வொன்றாக வந்தன. காலையில் பூசினால் கண்டாங்கிப் புடவை காலோடு ஒட்டிக்கொள்கிறது, கை பிசுபிசுக்கிறது, அந்தக் கையோடு சாமி விளக்கைத் தொட மனம் இல்லை. கணுக்காலுக்குக் கீழே எட்டவில்லை. இதெல்லாம் பரவாயில்லை, இன்னொன்றைக் கடைசியில்தான் சொன்னார்: ஒரு நாள் பாதத்தில் பூசிக்கொண்டு பட்டாலையில் நடந்தபோது கால் வழுக்கி, தூணைப் பிடித்துக்கொண்டதால் தப்பித்தார். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, வருடக்கணக்காகத் துடைத்துத் துடைத்து வழவழப்பு ஏறியது. அதில் பாரஃபின் பூசிய பாதம். இந்த ஊரில் இதை முதல் நாளே சீட்டில் எழுத வேண்டும். இப்போது எல்லாருக்கும் எழுதுகிறேன்.

நெருப்பையும் சேர்த்துச் சொன்னேன். க்ரீம் துணியில் ஊறிக் காய்ந்தால், அந்தத் துணி வேகமாகத் தீப்பற்றும். பாரஃபின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லா மாய்ஸ்சரைசருக்கும் இது பொருந்தும் என்று 2018-இல் பிரிட்டன் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்தது. துவைத்தாலும் முழுதாகப் போவதில்லை. இரண்டு வேளையும் விளக்கேற்றும், கேஸ் அடுப்பில் நிற்கும் பருத்திப் புடவைக்காரருக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல.

ஏற்பாட்டை மாற்றினோம். காலையில் பிசுபிசுப்பில்லாத லேசான லோஷன், முழங்காலுக்குக் கீழேயும் கைகளுக்கும், பாதத்துக்கு வேண்டாம். கெட்டியான க்ரீம் சாயங்காலம், விளக்கேற்றி முடித்து அடுப்பு வேலை ஓய்ந்த பிறகு. பாதத்துக்குக் கட்டிலில் உட்கார்ந்து பூசி, பருத்திச் சாக்ஸ், அதற்கு மேல் ரப்பர் செருப்பு. எட்டாத இடத்துக்கு வேலைக்கு வரும் பெண். அவர் கிளம்பும் நேரம் ஆறு மணி என்பதால் சாயங்காலப் பூச்சு ஆறுக்கு முன்னால் என்று ஆகி, விளக்கேற்றும் நேரத்தோடு முட்டியது. கடைசியில் அந்தப் பெண்ணே ஒரு வழி சொன்னார்: கால்களுக்கு மட்டும் தான் பூசிச் சாக்ஸ் போட்டுவிட்டுப் போவது, கைகளுக்கு ஆச்சி படுக்கும்போது தானே போட்டுக்கொள்வது. விளக்கேற்றும்போது புடவையை இழுத்துச் செருகி, விளக்கிலிருந்து தள்ளி நிற்பது.

காவடி பழனிக்குக் கிளம்பிய பிறகு

தை கடைசியில் அடுத்த முறை வந்தபோது வாரத்துக்கு 120 கிராம் போயிருந்தது. ஸ்டீராய்டு நின்று ஒரு மாதத்துக்கு மேல் ஆகியும் தோல் தாக்குப்பிடித்தது. கால்களில் செதில் இல்லை, அரிப்பு எப்போதாவது. மெலிந்த இடம் மட்டும் மெலிந்தபடியே இருக்கிறது. அது சீக்கிரம் சரியாகாது. கால்களுக்கு 10 சதவீத யூரியா க்ரீமுக்கு மாற்றினேன், எரியவில்லை. குதிகால் வெடிப்பு மேலோட்டமானவை மூடிவிட்டன, ஆழமானது இன்னும் பாக்கி.

பிறகு பங்குனியில் ஒரு போன். மறுபடி அரிக்கிறதாம். டப்பாவைக் கொண்டுவரச் சொன்னேன். எடை மூன்று வாரமாகக் குறையவே இல்லை. தோல் நன்றாக இருக்கிறதே, எதற்கு வீண் செலவு என்று நிறுத்தியிருந்தார். ரத்த அழுத்த மாத்திரையை அழுத்தம் சரியாக இருக்கும்போது நிறுத்துவீர்களா என்று கேட்டேன். "அது மருந்து தம்பி, இது பூச்சு" என்றார். சாயங்காலப் பூச்சை மட்டும் தொடரச் சொன்னேன். வெயில் காலத்துக்கு அது போதும். பத்து நாளில் அடங்கியது, ஸ்டீராய்டு தேவைப்படவில்லை.

பூச்சு என்று அவர் ஒதுக்குவதற்கு எதிராக என்னிடம் ஒரு நல்ல ஆதாரம் இருக்கிறது. மேற்கு ஆஸ்திரேலியாவில் 14 முதியோர் இல்லங்களில் நடந்து 2014-இல் வெளியான ஆய்வு. கை கால்களுக்கு நாளுக்கு இரண்டு வேளை மாய்ஸ்சரைசர் பூசிய இல்லங்களில், லேசாக இடித்தாலே தோல் கிழியும் காயங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. சர்க்கரை உள்ள 74 வயதுக் காலில் ஒரு கிழிசல் ஆற எத்தனை வாரம் ஆகும் என்று தெரிந்தவர்களுக்கு இந்தக் கணக்கு புரியும். அதற்காக மாய்ஸ்சரைசரை எல்லாவற்றுக்கும் நீட்டவும் கூடாது. பிறந்த முதல் சில வாரங்களிலிருந்தே தினமும் பூசினால் பிள்ளைகளுக்கு எக்சிமா வராமல் தடுக்கலாமா என்று 1,394 குழந்தைகளிடம் பிரிட்டனில் பார்த்தார்கள். 2020-இல் வந்த முடிவு, தடுக்கவில்லை என்பது. வறண்ட தோலுக்கு அது வைத்தியம், வராத நோய்க்கு வேலி அல்ல.

ஆச்சியின் செலவைக் குறைக்க இப்போது ஒரு சின்ன ஏற்பாடு. கால்களுக்கு யூரியா க்ரீம், கைகளுக்கும் இடுப்புக்கும் குளித்த ஈரத்தோடு செக்குத் தேங்காயெண்ணெய், குதிகாலுக்கு ராத்திரி பெட்ரோலியம் ஜெல்லி. மாதச் செலவு பாதியாகிவிட்டது. ஐப்பசி கடைசியில், அரிப்பு தொடங்கும் முன்பே, இரண்டு வேளைக்குத் திரும்ப வேண்டும் என்று அவர் வீட்டு முருகன் காலண்டரில் மகளே குறித்து வைத்திருக்கிறார். ஏசி இன்னும் ஓடுகிறது. அதில் நான் தோற்றேன்.

ஒரு சேர்க்கை. வேலைக்கு வரும் பெண்ணுக்கு விரல்களின் உட்பக்கம் வருடக்கணக்காக வெடிப்பு; பாத்திரம் தேய்க்கும் கட்டி சோப்பும் சாம்பலும் காரணம். அதைப் பற்றி அவர் என்னிடம் வாயே திறந்ததில்லை. தினமும் ஆச்சியின் கால்களுக்குப் பூசிவிட்டு, கையில் ஒட்டியதைக் கழுவாமல் அப்படியே தேய்த்துக்கொண்டிருக்கிறார். தை கடைசியில் ஆச்சிக்குத் துணையாக வந்தபோது தற்செயலாகக் கையைப் பார்த்தேன். இடது கை வெடிப்புகள் முழுதும் மூடியிருந்தன, வலது கையில் இரண்டு மட்டும் பாக்கி. ஈரம் படும் வேலைக்கு உள்ளே பருத்தி, வெளியே ரப்பர் என்று இரட்டைக் கையுறையும், தனியாக ஒரு டப்பாவும் எழுதிக் கொடுத்தேன். இரு கைகளிலும் உள்ளங்கை, புறங்கைக்கு மட்டும் வாரத்துக்கு 30 கிராம். அதையும் எடை போட்டுத்தான் கொடுத்தேன்.